மறுபடி கேட்காத வீடு

“எனக்கு ஒண்ணும் வேண்டாம். என்ன விட்டிருங்க.”

அம்மாவின் குரல்தான். ஆனால் அம்மா பேசவில்லை. அவள் அவசரப் பிரிவின் கட்டிலில் கண்மூடிக் கிடந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. குரல், கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் பதித்திருந்த சாம்பல் நிறப் பெட்டியிலிருந்து வந்தது.

நிறைமதி தான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாள். ஆய்வக அங்கியைக்கூடக் கழற்றவில்லை. பெட்டியைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

“அத நிப்பாட்டுங்க.”

“முடியாதும்மா. சட்டப்படி இப்ப உங்க அம்மா அதுதான்.”

“அதுவா? அந்தா கெடக்காள்லா, அதுதான் எங்க அம்மா.”

டாக்டர் ஹம்சவேணி கட்டிலருகே வந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். நெல்லைக்கு மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இந்த மாதிரிக் கோபத்தை அவர் இங்கே முதல் முறையாகப் பார்க்கவில்லை.

“நிலைமையச் சொல்லிடறேன்,” என்றார். “மூளையில ரத்தக் குழாய் வெடிச்சிருக்கு. ரத்தம் கட்டி நின்னு அழுத்துது. மண்டையத் திறந்து அத எடுக்கணும். எடுத்தா பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. வலது கையோ பேச்சோ போகலாம். போகாமலும் இருக்கலாம்.”

“எடுக்கலன்னா?”

“சாயங்காலம் வரைக்கும் தாங்கலாம்.”

“அப்ப எடுங்க. இன்னும் ஏன் நிக்கிறீங்க?”

“மனமொழி மறுத்திடுச்சு. அதுக்கு மேல கத்திய எடுக்க எனக்கு அனுமதி இல்ல.”

மனமொழி. அஞ்சலகத்திலிருந்து ஓய்வு பெற்ற அன்றே அம்மாவை அதில் சேர்த்துவிட்டார்கள். ஓய்வு பெறுகிற எல்லோரையும் சேர்த்தார்கள். சேர்ந்தவரின் கைப்பேசி வீட்டில் நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கும். அவர் என்ன சொல்கிறார், எதை ஏற்கிறார், எதை மறுக்கிறார் என்று படிக்கும். ஒரு நாள் அவர் பேச முடியாமல் கிடந்தால், மருத்துவமனைச் சுவரிலுள்ள பெட்டி வழியாக அவருக்காக அது பேசும். ‘உங்கள் முடிவு உங்களுடையதே’ என்று விளம்பரத்தில் ஒரு தாத்தா சிரிப்பார். அம்மா அன்று சேலைத் தலைப்பில் கைப்பேசியைத் துடைத்துவிட்டு, “இந்தா, எனக்கும் ஒரு காது கெடச்சிட்டு,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா நெல்லையப்பன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். அவர் வலது கையில் குழம்பு காய்ந்து போயிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் மோர் கேட்டிருக்கிறார். எடுத்து வரப் போன அம்மா அடுக்களையில் விழுந்திருக்கிறாள்.

“மதி,” என்றார் மெதுவாக. “அவளே சொல்லிட்டாளேம்மா. நாம என்ன செய்ய முடியும்?”

நிறைமதி அவர் பக்கம் திரும்பவில்லை. “டாக்டர், அது எத வச்சு அப்படிச் சொல்லுது?”

“கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு.” டாக்டர் பெட்டியைத் தொட்டார். “ஆதாரம்.”

பெட்டி இப்போது யாருடையதும் அல்லாத ஒரு குரலில் பேசியது. செண்பகவடிவு அவர்களின் மறுப்புகளிலிருந்து சில, என்றது. பிறகு அம்மா பேசினாள். பின்னால் மின்விசிறியின் கடகடப்பு கேட்டது. அவர்கள் வீட்டு மின்விசிறி.

“எனக்கு வேண்டாம். மீன் இவ்ளோதான் இருக்கு. நீங்க சாப்பிடுங்க. நான் அப்புறமா ரசம் ஊத்திக்கிடுதேன்.”

அப்பாவின் குரல்: “சரி.”

“எனக்கு எதுக்குட்டி புதுச்சேல? இருக்கதே கட்டாமக் கெடக்கு.”

“சரிம்மா.” இது நிறைமதியின் குரல்.

“நெஞ்சு ஒரு மாதிரி அடைக்கி. ஆஸ்பத்திரிலாம் வேண்டாம். சுக்கு தட்டிப் போட்டுக் குடிச்சிக்கிடுதேன்.”

“சரி, பாத்துக்கோ.” அப்பா.

“நான்லாம் பொசுக்குன்னு போயிரணும். கெடயில கெடந்து யாருக்கும் தொந்தரவு வைக்கக் கூடாது.”

பதிவில் இதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. தொலைக்காட்சியில் யாரோ ஆட்டம் இழந்தார். அப்பா “ச்சே” என்றார்.

“மறுப்பு தொடர்ச்சியானது,” என்றது பெட்டி. “ஐயம் இல்லை.”

நிறைமதிக்குக் காது சூடாகியது. அம்மாவின் வேண்டாம்கள் அவளுக்குப் புதிதல்ல. பிறந்ததிலிருந்து கேட்கிறாள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் விழுந்த அந்தச் ‘சரி’யைத்தான் இன்று முதல் முறையாகக் கேட்டாள். கதவைச் சாத்துவது போல அது விழுந்தது.

“டாக்டர், உங்க வீட்டுக்கு ஒருத்தர் வாராங்க. காபி சாப்பிடுதீங்களான்னு கேக்கீங்க. வேண்டாம்ங்காங்க. உடனே அடுப்ப அணைச்சிருவீங்களா?”

டாக்டர் இல்லையென்று தலையாட்டினார்.

“மறுபடி கேப்பீங்கல்லா? அட, பரவால்ல, ஒரு வாய் குடிங்கன்னு சொல்லுவீங்கல்லா? அப்பவும் வேண்டாம்னா அதுக்குப் பேரு வேண்டாம். மொத வேண்டாம் சும்மா. அது மரியாதை. இது ஊருக்கே தெரியும். இந்தப் பெட்டிக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

“பெட்டி இங்க செஞ்சது இல்லம்மா. நம்ம மொழியத்தான் அதுக்குக் கத்துக்கொடுத்தாங்க.”

“மொழி படிச்சா போதுமா?”

அவள் கட்டிலைச் சுற்றிப் போய்ப் பெட்டியின் முன்னால் நின்றாள். ஒரு சுவரிடம் பேச அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவள் வகுப்பில்கூடக் குரலை உயர்த்தாதவள்.

“எம்மா. ஆபரேசன் பண்ணப் போறோம். சும்மா வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டிருக்காத.”

“எனக்காவ எதுக்கு நாயா அலையுதீங்க?” என்றது அம்மாவின் குரல். “போயி சாப்பிடுங்க. என்ன விட்டிருங்க.”

அப்படியே அம்மா. அதுதான் தாங்க முடியவில்லை.

“எங்களுக்கு அலைச்சல் இல்லம்மா. நெசமாக் கேக்குதேன். ஒனக்கு என்ன வேணும்?”

பெட்டி தயங்கியது. பிறகு அந்த யாருடையதும் அல்லாத குரல் வந்தது. “உறவினரின் வற்புறுத்தல் கண்டறியப்பட்டது. கேள்வி நிறுத்தப்படுகிறது.”

“என்னது வற்புறுத்தல்?” என்று கத்தினாள் நிறைமதி. பக்கத்துத் திரைக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்த யாரோ அழுகையை நிறுத்தினார்கள்.

டாக்டர் அவள் தோளைத் தொடப் போய்க் கையை எடுத்துக்கொண்டார். “ஒருத்தர் முதல்ல வேண்டாம்னு சொல்லி, மறுபடி கேட்டதுக்கப்புறம் சரின்னு சொன்னா, அந்தச் சரி செல்லாது. அதுதான் விதி. காரணம் இருக்கும்மா. கிழவிங்கள நச்சரிச்சே வீட்ட எழுதி வாங்கியிருக்காங்க. இன்னொண்ணும் சொல்றேன். இது வர்றதுக்கு முன்னால ஒரு பெரியவர். வெளிநாட்டுல இருந்த பையன் போன்ல, எல்லாம் பண்ணுங்க, எல்லாம் பண்ணுங்கன்னான். மாசக்கணக்கா அவர் தொண்டையில குழாய் வச்சிருந்தேன். அவர் அதக் கடிச்சுக் கடிச்சுப் பல்லு ஆடிப்போச்சு. அவர என்னன்னு கேக்க ஆளில்ல. மனமொழி வரணும்னு கையெழுத்து வாங்கித் திரிஞ்சவ நான்.”

அவர் குரலிலும் கோபம் இருந்தது. நிறைமதி அதைக் கவனித்தாள்.

“அந்தச் செல்லாத சரியெல்லாம் எங்க?”

“ஒதுக்கி வச்சிருக்கும். அழிக்காது.”

“எங்க அம்மாவோடது இருக்கா?”

“அது கணக்குல வராதும்மா.”

“கணக்கு கேக்கல. போடச் சொல்லுங்க.”

டாக்டர் அம்மாவின் கண்ணிமையை விலக்கி விளக்கடித்துப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியிடம், “ஒதுக்கியது,” என்றார்.

கொஞ்சம்தான் இருந்தது. எல்லாமே ஒரே ஆளோடு. அம்மாவோடு அஞ்சலகத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த சகாயமேரி.

“ஏட்டி செம்பா, டம்ளர நீட்டு.”

“வேண்டாம் மேரி. வயிறு நெறஞ்சிட்டு.”

“யாரு வயிறு? ஒன் வயிறா, ஒன் வீட்டுக்காரர் வயிறா? அவரு சாப்பிட்டா ஒனக்கு ஏப்பம் வருமே.”

அம்மா சிரித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு, குப்பென்று வெடிக்கிற சிரிப்பு. நிறைமதி அதை வீட்டில் கேட்டதே இல்லை.

“சரி, ஒரு கரண்டி ஊத்து.”

“பாயாசத்துக்கு ஒரு கரண்டி கேக்க மொத ஆளு நீதாம்ட்டி.”

“ஊத்து, ஊத்து. முந்திரியாப் பாத்து ஊத்து.”

பெட்டி அடுத்ததைப் போட்டது. வாசலில் ஆட்டோ உறுமிக்கொண்டிருக்கிற சத்தம்.

“கண்ணுல கத்தி வைக்கவா? வேண்டவே வேண்டாம்.”

“செருப்ப மாட்டு.”

“வேண்டாம்ங்கேன்லா மேரி.”

“நீ சொன்னது கேட்டுச்சு. செருப்ப மாட்டு. ஆட்டோக்காரர் பாக்காரு.”

ஆட்டோ இன்னும் உறுமியது. பிறகு செருப்புத் தேயும் ஓசை.

அதன் பின்னால் இன்னொன்றையும் பெட்டி சேர்த்து வைத்திருந்தது. அதே வற்புறுத்தலின் தொடர்ச்சி என்று நினைத்திருக்கும். அம்மா கைப்பேசியில் பேசுகிறாள். “மேரி, இன்னைக்கு பேப்பர் படிச்சேன் பாத்துக்கோ. பொடி எழுத்துக்கூடத் தெரியுது. கண்ண மூடவே மனசில்ல. நீ மட்டும் இழுத்துட்டுப் போகலன்னா, நான் இருட்டுலயேதாண்டி இருந்திருப்பேன்.”

அம்மாவுக்குக் கண் அறுவை செய்தது நிறைமதிக்குத் தெரியும். யார் கூட்டிப் போனார்கள் என்று அவள் கேட்டதில்லை.

“மேரி கூடப் போறேன்னா,” என்றார் அப்பா. யாரும் அவரைக் கேட்கவில்லை. “நான் சரின்னேன்.”

“ஆமா. நீங்க சரின்னீங்க.” நிறைமதி இப்போது அவர் பக்கம் திரும்பினாள். “நீங்க எப்பவாவது மறுபடி கேட்டியளா? ஒரு தடவ? நெஞ்சு அடைக்குன்னாளே, அன்னைக்கு? ஏன்னா அவ வேண்டாம்னா நமக்கு வசதி. மீன் நமக்கு. நேரம் நமக்கு. இந்தப் பெட்டி தப்பாப் படிக்கலப்பா. நம்மளப் பாத்துத்தான் படிச்சிருக்கு.”

அப்பா குழம்பு காய்ந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நிறைமதி,” என்றார் டாக்டர். முதல் முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். “ஒண்ணு கேக்கறேன். நேரா சொல்லுங்க. ஆபரேஷன் வேணுங்கறது அம்மாவோட விருப்பமா? உங்களோட விருப்பமா?”

அவள் கட்டிலைப் பார்த்தாள். அம்மாவின் கால் விரல்கள் போர்வைக்கு வெளியே தெரிந்தன. ஒன்றில் மெட்டி கழன்று தொங்கியது.

“தெரியாது,” என்றாள். “எனக்குத் தெரியாது டாக்டர். நான் கேட்டதே இல்ல. ஆனா அந்தப் பெட்டிக்கும் தெரியாது. தெரியும்னு நடிக்குது. உசுரோட இருந்தா நான் கேட்டுக்கிடுவேன். வேண்டாம்னு அவளே சொன்னா, அன்னைக்கு நானே குழாயப் புடுங்கச் சொல்லுதேன். இன்னைக்கு விட்டுட்டா நான் யார்ட்ட போய்க் கேக்க?”

டாக்டர் பெட்டியைப் பார்த்தார். பிறகு கட்டிலின் சக்கரப் பூட்டைக் காலால் தட்டி எடுத்தார்.

“தியேட்டருக்குச் சொல்லுங்க,” என்று செவிலியரிடம் கத்தினார். “இப்ப.”

“மனமொழியின் முடிவு மீறப்படுகிறது,” என்றது பெட்டி. “மருத்துவரின் பெயர் பதிவு செய்யப்படுகிறது.”

“பண்ணிக்கோ. ஹம்சவேணி. எழுத்துப் பிழை இல்லாமப் பண்ணு.”

கட்டில் உருண்டது. சுவரில் பெட்டி மட்டும் மிச்சமிருந்தது. அது இன்னொரு தடவை, அம்மாவின் குரலில், வெற்று இடத்தைப் பார்த்து, “என்ன விட்டிருங்க,” என்றது.

அறுவை அறைக்கு வெளியே நெகிழி நாற்காலிகள் இருந்தன. அப்பாவும் மகளும் ஒரு நாற்காலியை நடுவில் காலியாக விட்டு உட்கார்ந்தார்கள். தேநீர் விற்கிற பெண் கெட்டிலோடு வந்தாள்.

“டீ வேணுமா சார்?”

“குடும்மா. சீனி கொஞ்சம் தூக்கலா,” என்றார் அப்பா.

“ஒனக்கும்மா?”

“வேண்டாம்க்கா,” என்றாள் நிறைமதி.

“சரிம்மா.” அந்தப் பெண் நகர்ந்துவிட்டாள்.

நிறைமதி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மதியம் முழுவதும் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. தலை கிறுகிறுத்தது. யாரும் அவளை வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லியிருக்கிறது. அம்மா ஒரு நாளும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டியும் இருக்கவில்லை.

அப்பா தன் தேநீரைக் குடிக்காமல் வைத்திருந்தார். ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.

“குடிக்கியாம்மா?” என்று அதை நீட்டினார்.

“வேண்டாம்.”

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. “ஒரு வாய்,” என்றார். அந்த வார்த்தை அவருக்கு வரவே கஷ்டமாக இருந்தது.

“இப்பதான் கேக்கத் தெரிஞ்சுதாக்கும்?” என்றாள். வாங்கிக் குடித்தாள். இனிப்பில் பல் கூசியது. கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

அம்மா பிழைத்துக்கொண்டாள். வலது கை எழவில்லை. பேச்சு போய்விட்டு, பிறகு ஒவ்வொரு சொல்லாக, படி ஏறுகிற மாதிரி நின்று நின்று திரும்பியது.

டாக்டர் ஹம்சவேணியை அவசரப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும் வரை கட்டிலருகே போகக் கூடாது என்று உத்தரவு. அவர் ஒரு நாள் காலை, பார்வையாளர் நேரத்தில், மற்றவர்களைப் போலச் சீட்டு வாங்கிக்கொண்டு ஆரஞ்சுப் பையோடு வார்டுக்கு வந்தார். அப்பா எழுந்து நாற்காலி கொடுத்தார். அம்மாவின் கைப்பேசி மேசைமேல் கிடந்தது. அதன் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. மனமொழியிலிருந்து பெயரை எடுக்க வேண்டுமென்றால் அதற்கும் மனமொழி சம்மதிக்க வேண்டுமாம்.

“நல்லதாப் போச்சு டாக்டர், நீங்களும் இருக்கீங்க,” என்றாள் நிறைமதி. கட்டிலில் ஏறி அம்மாவின் எதிரே உட்கார்ந்தாள். “எம்மா. மறுபடி இப்படி ஆனா, ஒனக்கு என்ன செய்யணும்?”

“எனக்கு... ஒண்ணும்... வேண்டாம்.”

வழக்கமாக இந்த இடத்தில் யாராவது சரி என்பார்கள். யாரும் சொல்லவில்லை. அம்மா ஏதோ தவறிவிட்டது போல ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

“நெசமாவா?”

“ஒங்களுக்கு... தொந்தரவு.”

“தொந்தரவு எனக்கு. அத நான் பாத்துக்கிடுதேன். நான் ஒன்னக் கேக்குதேன். ஒனக்கு என்ன வேணும்?”

அம்மாவின் முகம் மாறியது. நிறைமதி அழுகையை எதிர்பார்த்தாள். வந்தது கோபம். இடது கை போர்வையைச் சுருட்டிப் பிடித்தது.

“இத்தன வருசமா... எங்கட்டி... போயிருந்த?” என்றாள் அம்மா.

நிறைமதி தலை குனியவில்லை. அடியை வாங்கிக்கொள்வது போல அதை வாங்கிக்கொண்டாள்.

அம்மா மூச்சு விட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள். நேரம் எடுத்துக்கொண்டு, ஒரு சொல்லையும் விடாமல் சொன்னாள். “எனக்கு இருக்கணும். கை போனாலும்... இருக்கணும். பேச்சு போனாலும்... இருக்கணும். ஒங்க யாரையும் தெரியாம... கட்ட மாதிரிக் கெடந்தா... அப்ப விட்டிரு. அது வரைக்கும்... விடாத.”

மேசைமேல் கைப்பேசி அதிர்ந்தது. டாக்டர் எட்டி எடுத்தார். படித்தார். அவருக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

“என்ன டாக்டர்?”

“‘வற்புறுத்தல் கண்டறியப்பட்டது. பதிவு ஒதுக்கப்பட்டது,’” என்று வாசித்தார். “ரெண்டு வார்த்தைய மட்டும் எடுத்துக்கிட்டிருக்கு. ‘ஒண்ணும் வேண்டாம்.’ ‘விட்டிரு.’” கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். “இதுக்குத்தான் நான் கையெழுத்து வாங்கித் திரிஞ்சேன்.”

“அது என்ன... சொல்லுது?” என்றாள் அம்மா.

நிறைமதி சொன்னாள். பெட்டியைப் பற்றி, சரிகளைப் பற்றி, மேரி அத்தையைப் பற்றி, கேட்டு வாங்கிய சம்மதம் செல்லாது என்ற விதியைப் பற்றி. அம்மா கவனமாகக் கேட்டாள். அஞ்சலகத்தில் எத்தனையோ விதிகளை அவள் பார்த்திருக்கிறாள்.

“கேட்டுச் சொன்னா... செல்லாதா?”

“செல்லாதாம்.”

“கேக்காமச் சொன்னா?”

நிறைமதி டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “செல்லும்,” என்றார். “அதுக்கு மேல எதுவும் செல்லாது. ஆனா... அப்படி யாரும்மா சொல்றாங்க?”

அம்மா இடது கையை நீட்டினாள். நிறைமதி கைப்பேசியைக் கொடுத்தாள். அம்மா அதை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். யாரையும் பார்க்கவில்லை.

“ஏ. இந்தா. கேளு. என்ன யாரும்... கேக்கல. நானாச் சொல்லுதேன். எனக்கு உசுரு... வேணும்.”

எல்லோரும் கைப்பேசியைப் பார்த்தார்கள். அது அதிரவில்லை; எதையும் ஒதுக்கவில்லை. பச்சைப் புள்ளி அமைதியாக எரிந்தது.

அம்மாவுக்கு மூச்சிரைத்தது. வேணும் என்ற சொல் அவள் வாயில் புதிதாக இருந்தது. இன்னொரு முறை அதைச் சொல்லிப் பார்க்க நினைத்தவள் போல உதட்டை நனைத்தாள்.

“காபி... வேணும்,” என்றாள். “சூடா. சீனி போட்டு.”

அப்பா சடாரென்று எழுந்தார். பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனார். அங்கே நின்றுவிட்டார். திரும்பி மகளைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“சீனி எவ்வளவு?” என்று கேட்டார்.

அவருக்கு அது தெரியாது.